விளக்கடியில் இருள்!

தோழரே!

வடக்கே பாருங்கள்! ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 அன்று அங்கிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பிய கலம், ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கி நின்றது. நாடே எழுந்து நின்று கைதட்டியது. நாமும் தட்டினோம், தட்டத்தான் வேண்டும்.

தெற்கே பாருங்கள்! அத்திப்பட்டு, வல்லூர்! வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்களின் நிறுவுதிறன் 1,830 மெகாவாட். வல்லூர் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். கூட்டிப் பார்த்தால் 3,330 மெகாவாட்! சென்னைக்கு ஒளி தரும் ஊர்கள். ஆலைகளுக்கு ஆற்றல் தரும் ஊர்கள். அந்த ஒளிக்கும் ஆற்றலுக்கும் விலையாகச் சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்தில் ஏந்திக்கொண்ட ஊர்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவே பாருங்கள், தோழரே! அங்கேதான் இருக்கிறது பழவேற்காடு. கடல் ஒருபுறம், காயல் மறுபுறம், இடையே மணல்மேட்டில் குப்பங்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இது. 1613இல் டச்சுக்காரன் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்துக்கே தலைநகராக வைத்திருந்த இடம் இது. கோட்டை போயிற்று, கொடி போயிற்று, கல்லறைகள் மட்டும் காவலுடன் இருக்கின்றன. கல்லறைக்குக் கிடைத்த காவல், காயலை நம்பி வாழும் மக்களின் கூரைக்குக் கிடைத்ததா? அதைத்தான் கேட்க வந்தேன்.

வங்கக்கடலில் ஒரு சுழல் எழுந்தால் போதும். முதலில் சாய்வது குப்பத்து மின்கம்பம். கடைசியில் நிமிர்வதும் அதுவே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தது. வட தமிழகக் கரையோரத்தில் பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. நகரமே நாள்கணக்கில் இருளில் கிடந்தபோது, நகரத்துக்கு அப்பாலுள்ள குப்பத்தின் நிலையை நான் சொல்லவும் வேண்டுமோ? வானத்துக்கு ஏணி வைத்த ஊருக்கும், வையத்துக்கு மின்சாரம் வடிக்கும் ஊருக்கும் இடையே மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி அலைகிறாள் ஒரு தாய்! விளக்கடியில் இருள் என்று நம் முன்னோர் சொன்னது பழமொழி. பழவேற்காட்டில் அது நிலப்படம்!

இருள் வந்தால் குப்பம் என்ன செய்கிறது? மின்னாக்கியைத் தேடுகிறது. ஜெனரேட்டர் என்று ஊரார் அழைக்கும் அந்தச் சிறு எந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறது, வசதியுள்ளவர் வாங்குகிறார், நிவாரணம் கொண்டுசெல்லும் நம் கழகத் தோழர்களும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒன்றை ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

“ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரையில் எந்திரக் கடைக்காரன் பேச்சு எதற்கு?” என்று நகைக்காதீர். அந்த எந்திரம் உயிர் காக்கும். உயிர் பறிக்கவும் செய்யும். எதைச் செய்யும் என்பதை முடிவு செய்வது எந்திரமன்று. அதை இழுத்து இயக்குகிற கை. அந்தக் கை பெரும்பாலும் நம் தோழனின் கை. ஆகவேதான் இது அரசியல்!

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழையை மறைத்துவிட்டுப் பிறர்க்கு அறிவுரை கூறுவது மேடைக்குப் பொருந்தலாம், மனச்சான்றுக்குப் பொருந்தாது.

மிக்ஜாம் மழையின்போது பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றுக்குச் சென்றோம். வீடுகளில் நீர் புகுந்துவிட்டதால் பெண்களும் பிள்ளைகளுமாக நாற்பது பேர் ஒரு கூடத்தில் படுத்திருந்தனர். மின்னாக்கியை நனையவிடக்கூடாதே என்ற கவலையில், கூடத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் வைத்து, மூன்று புறமும் தார்ப்பாய் கட்டி மூடினோம். விளக்கு எரிந்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். நானோ, ஒளியைப் பற்றியும் இருளைப் பற்றியும் நாற்பது நிமிடம் பேசினேன்! கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். சாரல் அடிக்கிறதென்று சன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்கப் போனார்கள்.

இரவு இரண்டு மணி இருக்கும். மூதாட்டி ஒருவர் தள்ளாடியபடி வெளியே வந்தார்.

“தம்பி, தலைய பொளக்குது. புள்ளைங்க வேற வாந்தி எடுக்குதுங்க. நீங்க குடுத்த சோத்துல ஏதாச்சும் ஆயிடுச்சா?” என்றார்.

நாங்களும் சோற்றைத்தான் ஐயுற்றோம். சமைத்த தோழரைக் கடிந்துகொண்டோம். அந்நேரம் படகு எந்திரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் கூடத்துக்குள் தலையை நீட்டினார், மறுகணமே தாழ்வாரத்துக்கு ஓடினார், எந்திரத்தை நிறுத்தினார், தார்ப்பாயைக் கிழித்தெறிந்தார்.

“சோறு இல்லப்பா, பொகை! எல்லாரையும் வெளிய தூக்குங்க!” என்று கத்தினார்.

தூக்கினோம். மழையில் கிடத்தினோம். கடற்காற்று மருந்தாயிற்று. எவரும் சாகவில்லை. விடிந்த பிறகே பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அதுவும் பிழை, அந்தக் கணமே கொண்டுசென்றிருக்க வேண்டும். ஒளி கொடுக்கப் போன நாங்கள், உயிரை எடுத்துக்கொண்டு வந்திருப்போம். கொள்கையில் தவறில்லை, நோக்கத்தில் மாசில்லை, அறிவில்தான் ஓட்டை! அந்த ஓட்டை வழியே நாற்பது உயிர்கள் போயிருக்கும்.

அந்தப் புகையில் இருந்தது என்ன? கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. புகையின் மணத்தை மூக்கு அறியும். அதில் ஒளிந்துவரும் இந்தக் கொலையாளியை அறியாது. நம் குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின், உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் இந்த நச்சைப் பற்றிக்கொள்கிறது. உயிர்வளிக்கு இருக்கை இல்லாமற் போகிறது. மூச்சு இயங்கும், ஆனால் உடல் மூச்சுக்கு ஏங்கும்! தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி, பிறகு உறக்கம். விழித்திருப்பவனாவது தள்ளாடி வெளியே வருவான். உறங்குபவனுக்கு அந்த உறக்கமே முடிவாகும்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்துக்குப் பின் தொழிலாளர் மடிந்ததை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த நச்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். மனிதனுக்கு முன்னே சோர்ந்து விழும் சிறு உயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லச் சொன்னார். கேனரிப் பறவை கூண்டோடு சுரங்கத்துள் இறங்கிற்று. 1986 வரை அந்நாட்டுச் சுரங்கங்களில் அந்தப் பறவைக்கு வேலை இருந்தது. பாட்டாளியின் உயிர் காக்க ஒரு பறவையாவது இருந்தது அங்கே! நம் குப்பத்தில் என்ன இருக்கிறது?

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, கையில் தூக்கிச் செல்லும் மின்னாக்கிகளின் நச்சுப் புகையால் ஆண்டுதோறும் நூறு பேரளவில் மாள்கின்றனர் என்று அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. 2020 ஆகஸ்டில் லாரா சூறாவளி லூசியானாவைத் தாக்கியது. காற்று ஓய்ந்தது, வெள்ளம் வடிந்தது, அதன் பிறகு, விளக்குக்காக இயக்கிய எந்திரங்களே பலரைப் பலிகொண்டன. ஒரு சிறு மின்னாக்கி கக்கும் கார்பன் மோனாக்சைடு, நூற்றுக்கணக்கான கார்கள் கக்குவதற்கு ஈடு என்கிறது அதே ஆணையம். நம் தாழ்வாரத்தில் நூற்றுக்கணக்கான கார்களை நிறுத்தி இயக்கிவிட்டு, உள்ளே பிள்ளைகளை உறங்க வைத்தோமென்றால் நம்மை என்னவென்பது?

இங்கே ஒரு கேள்வி எழும். மீனவனுக்கு எந்திரம் புதிதா? ஃபைபர் படகின் பின்புறத்தில் எந்திரத்தைப் பூட்டி, நள்ளிரவில் முகத்துவாரத்தின் அலையை வென்று வெளியேறுபவனாயிற்றே! பிளக்கைக் கழற்றித் துடைப்பான். கார்பரேட்டரைப் பிரித்து மாட்டுவான். ஓசையைக் கேட்டே நோயைச் சொல்வான். அவனுக்கா நாம் பாடம் சொல்வது?

ஆம் தோழரே, அவன் எந்திரத்தை அறிந்தவன், அதனால்தான் ஆபத்து! கடலில் அவன் எந்திரம் கக்கும் புகையைக் காற்று அள்ளிச் செல்கிறது. இருபது ஆண்டு எந்திரத்தருகே அமர்ந்தும் அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. ‘எந்திரப் புகை கண்ணைக் கரிக்கும், ஆளைக் கொல்லாது’ என்று கடல் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. கரையில் அதே எந்திரம் சுவருக்குள் வருகிறது. காற்று வெளியே நின்றுவிடுகிறது. கடல் கற்றுத் தந்த பாடம் கரைக்குப் பொருந்தவில்லை. ஆகவே அவனிடம் சென்று, “உனக்கு எந்திரம் தெரியாது” என்று சொல்லாதீர். அது பொய், அவமதிப்பும்கூட. “உன் படகில் காற்று செய்த வேலையை இங்கே யார் செய்வார்?” என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவனே சொல்வான்.

விடை எளிது. மின்னாக்கி வீட்டுக்குள் வேண்டாம், தாழ்வாரத்தில் வேண்டாம், சன்னலோரத்தில் வேண்டாம். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி வையுங்கள். புகைக்குழாய் கதவையும் சன்னலையும் பாராமல், காற்று போகும் திசையைப் பார்க்கட்டும். குப்பத்தில் வீடுகள் நெருக்கமானவை. உம் வீட்டிலிருந்து தள்ளி வைத்தது அடுத்த வீட்டுச் சன்னலடியாகிவிடக் கூடாது. மழைக்கு மேற்கூரை போடுங்கள்; பக்கச் சுவர் போடாதீர். நான்கு கால், மேலே ஒரு தகரம், நாற்புறமும் திறப்பு. அதுவே அந்த எந்திரத்துக்கேற்ற மண்டபம். கார்பன் மோனாக்சைடைக் கண்டறிந்து கூவும் மின்கலக் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. உறங்கும் கூடத்தில் ஒன்றை மாட்டுங்கள். அதுவே இக்காலத்துக் கேனரிப் பறவை. எவருக்கேனும் தலை வலித்துக் குமட்டினால், சோற்றை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்! எந்திரத்தை நிறுத்துங்கள், ஆளை வெளியே கொண்டுவாருங்கள், 108ஐ அழையுங்கள். வெறுங்காற்றில் அந்த நச்சு குருதியில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய உயிர்வளி கொடுத்தால் ஒன்றரை மணி நேர அளவில் பாதியாகும். இதை அறியாமல்தான் நாங்கள் விடியும்வரை காத்திருந்தோம்.

அடுத்து, இன்னொரு உயிரைப் பற்றிப் பேச வேண்டும். அவன் நம் கூடத்தில் இல்லை. கம்பத்தின் மேலே இருக்கிறான்.

மின்னாக்கியை வைத்துவிட்டு, இருமுனையிலும் ஊசி கொண்ட ஒரு கம்பியை எடுத்து, ஒரு முனையை எந்திரத்திலும் மறுமுனையை வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துளையிலும் செருகி, வீடு முழுவதையும் ஒளிரச் செய்யும் ‘வல்லுநர்கள்’ ஊருக்கு ஊர் உண்டு. வீடு ஒளிரும், உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்குப் போகிறது. தெருக்கம்பியிலிருந்து மின்மாற்றிக்குப் போகிறது. 11,000 வோல்ட்டைப் படியிறக்கித் தரும் அந்த மின்மாற்றி, பின்பக்கமிருந்து 230 வோல்ட் வந்தால் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் படியேற்றிவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று நம்பி, மழையில் நனைந்தபடி, அறுந்த கம்பியைப் பிடிக்கிறான் மின்வாரியத் தொழிலாளி. பல நேரங்களில் ஒப்பந்தக் கூலி. நமக்கு விளக்கேற்ற வந்தவனை நம் விளக்கே கொல்கிறது! தொழிலாளர் ஒற்றுமை என்று மேடையில் முழங்கும் நாம், இதை முதலில் நம் வீட்டில் நிறுத்த வேண்டும். வீட்டு இணைப்போடு சேர்க்க வேண்டுமென்றால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். வாரியக் கம்பியா, மின்னாக்கியா, ஏதேனும் ஒன்றுதான் வீட்டோடு சேரும். இரண்டும் ஒருபோதும் சேரா. அந்த வசதி இல்லையா? எந்திரத்திலிருந்து நேரே தடித்த கம்பி இழுத்து, விளக்கையும் விசிறியையும் அதில் மாட்டுங்கள். அந்த இருமுனைக் கம்பியை எங்கு கண்டாலும் வெட்டி எறியுங்கள்.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம்.

கடைக்குப் போகுமுன் காகிதமும் எழுதுகோலும் எடுங்கள். தேவையைக் கணக்கிடாமல் கடைக்குள் நுழைபவனுக்குக் கடைக்காரனே கணக்குப் போடுவான்! ஒரு குப்பத்துப் பொதுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு பத்து: 90 வாட். 75 வாட் மின்விசிறி ஆறு: 450 வாட். கைப்பேசிகள் முப்பதுக்கு மின்னேற்ற 10 வாட் வீதம்: 300 வாட். இன்சுலின் முதலிய மருந்துகளுக்காக ஒரு குளிர்பெட்டி: 200 வாட். மொத்தம் 1,040 வாட். இதோடு கணக்கு முடிந்ததா? இல்லை. குளிர்பெட்டியின் மோட்டார் கிளம்பும் நொடியில் மூன்று நான்கு மடங்கு கேட்கும். அதற்கு இன்னொரு 600 வாட் சேர்த்தால் 1,640 வாட். கடையில் எந்திரத்தின் அளவைக் கே.வி.ஏ. என்ற கணக்கில் சொல்வார்கள், அதை 0.8ஆல் பெருக்கினால் கைக்கு வரும் கிலோவாட்டைக் கணிக்கலாம். 2.5 கே.வி.ஏ. எந்திரம் 2,000 வாட் தரும். நம் கூடத்துக்கு அது போதும்.

‘அதிலேயே தண்ணீர் மோட்டாரையும் ஓட்டலாமே’ என்று ஆசைப்படாதீர். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடுகையில் ஏறத்தாழ 1,000 வாட் உண்ணும். கிளம்புகையில் மூன்று மடங்குக்கும் மேல் கேட்கும். சிறு எந்திரம் திணறும், இரண்டும் கெடும். மோட்டார் கட்டாயம் வேண்டுமெனில் 5 கே.வி.ஏ. அளவு எந்திரத்தை நாடுங்கள். மோட்டாரை முதலில் தனியாகக் கிளப்பி, மற்றவற்றைப் பிறகு சேருங்கள்.

ஒரு வீட்டுக்கு மட்டும் வேண்டுமென்பவர்க்கு நான் சொல்வது வேறு. நான்கு விளக்கு, இரண்டு விசிறி, இரண்டு கைப்பேசி, எல்லாம் சேர்த்து 206 வாட். அதற்கு மின்னாக்கியே வேண்டாம். 150 ஆம்பியர்-மணி மின்கலமும் ஓர் இன்வெர்ட்டரும் ஆறேழு மணி நேரம் தாங்கும். புகையில்லை, பெட்ரோல் இல்லை, ஓசையுமில்லை. சூரியத் தகடு ஒன்றை அதோடு சேர்த்தால், புயல் கடந்த மறுநாள் வெயிலே மின்கலத்தை நிரப்பும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2024இல் ஒன்றிய அரசு அறிவித்த கூரைச் சூரியத் திட்டத்தை நம்பிப் பலரும் தகடு பொருத்துகின்றனர். மின்கலம் இல்லாமல் வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த தகடு, மின்வெட்டு வந்த கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தின் மேலிருக்கும் தொழிலாளியைக் காக்கவே அந்த ஏற்பாடு. அது நியாயம்தான். ஆனால், ‘தகடு இருக்கிறது, புயலில் விளக்கு எரியும்’ என்று நம்பி ஏமாறாதீர்.

எரிபொருளுக்கு வருவோம். ஓடும் எந்திரத்தில் பெட்ரோல் ஊற்றுவதும், சுடச்சுட இருக்கும் எந்திரத்தில் ஊற்றுவதும் ஒன்றே. இரண்டும் தீயை விருந்துக்கு அழைப்பது. நிறுத்தி, ஆறவைத்து, பகல் வெளிச்சத்தில் ஊற்றுங்கள். இருப்பு கேன் அடுப்படிக்கும் பூசை விளக்குக்கும் எட்டாத இடத்தில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். காயல் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரையில் ஊற்றிய பெட்ரோல் கார்த்திகைப் புயலில் எந்திரத்தைக் கிளப்பாது. ஆகவே தொட்டியை வடித்துவிட்டு எந்திரத்தை வையுங்கள். மாதம் ஒருமுறை புதுப் பெட்ரோல் ஊற்றி, விளக்கு விசிறிகளை மாட்டி, அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னும், படகு பழுது பார்க்கும் அந்நாள்களில் இந்த எந்திரத்தையும் பிரித்துத் துடையுங்கள். உப்புக்காற்று அரித்த திருகுகளை மாற்றுங்கள். நிலக்கம்பி இறக்குங்கள், மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்துங்கள். உவர்நீர் ஊறிய மணலில் வெறுங்காலுடன் நிற்பவனுக்கு மின்கசிவு மன்னிப்பு அளிப்பதில்லை.

இத்தனைக்கும் என்ன செலவு? நான் மேலே சொன்ன கூடத்துக்கு, மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் அளவில் விற்கிறது. அந்த ஒரு மணியில் கிடைப்பது ஒரு யூனிட் மின்சாரம். அமைதிக் காலத்தில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட் விலையில்லாமல் கிடைக்கிறது. புயல் நாளில் அதே ஒரு யூனிட்டின் விலை நூறு ரூபாய்! கடலுக்குப் போக முடியாத நாளில், வருவாய் அற்ற நாளில், ஏழை தரும் விலை இது. இதை அவன் தனித்தனியே தரவேண்டுமா?

இங்கேதான் பழவேற்காடு நமக்கே ஒரு பாடம் சொல்கிறது. காயலில் மீன்பிடிக்கும் இடங்களைக் குலுக்கல் முறையில் சுழற்சியாகப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக உண்டு. இன்று உனக்கு, நாளை எனக்கு. பொதுவுடைமைத் தத்துவத்தை எவரும் அங்கே போய்ப் போதிக்கவில்லை, நீரே போதித்தது. குப்பத்துக்கு ஒரு நல்ல மின்னாக்கி, அதைக் காக்கப் பயிற்சி பெற்ற இருவர், மின்னேற்றிக்கொள்ள முறைவைத்த ஒரு பட்டியல் என்று அதே முறையில் செய்வோம். பத்து வீட்டில் பத்து மலிவான எந்திரம் பத்துத் திசையில் புகை கக்குவதைவிட, ஊர் நடுவே திறந்த கொட்டகையில் ஒன்று முழங்குவது மேல்.

ஆனால் தோழரே, பழைய பாட்டில் ஒரு குறை உண்டு. அதை மூடி மறைக்க நமக்கு உரிமையில்லை. அந்த முறையில் எல்லார்க்கும் இடமில்லை. சேற்றில் தவழ்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பத்துக்கு அந்தக் குலுக்கலில் சீட்டு இல்லை. புதிய பாட்டில் அந்தக் குறை வேண்டாம். மின்னாக்கியின் வெளிச்சம் சாதி கேட்கக்கூடாது. குப்பத்தின் கடைக்கோடியில் ஓலைக்குடிசையில் இருப்பவளின் கைப்பேசியும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அவள் பெயர் இல்லாத பட்டியலில் நம் கழகத்தின் கையெழுத்து விழலாகாது.

இவ்வளவும் நாமே செய்துகொள்ளக் கூடியவை. ஆனால் நாமே எல்லாம் செய்துகொண்டால் அரசு எதற்கு? மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வது மாண்பு. அதைக் காட்டி ஆட்சி தன் கடமையிலிருந்து நழுவுவது மாண்பன்று. ஆகவே கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் நாம் கேட்போம்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கும் பணி உலக வங்கிக் கடனுதவியோடு மேற்கொள்ளப்பட்டது. கம்பம் இல்லையேல் சாய்வதற்கு எதுவுமில்லை! அந்தப் புதைவடம் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் வரவேண்டும். ஒவ்வொரு புயல் காப்பகத்திலும், வெள்ளம் எட்டாத உயரத்தில் நிலையான மின்னாக்கி வேண்டும். அதோடு சூரியத் தகடும் மின்கலமும் வேண்டும். உயரம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றிலேயே மின்னாக்கி அறைக்குள் நீர் புகுந்து மின்சாரம் நின்றது. நோயாளிகள் மாண்ட அந்தத் துயரத்தை நாடு மறக்கவில்லை. செல்வர் கட்டிய மாளிகைக்கே அந்தக் கதியென்றால், குப்பத்துக் கூடத்தில் தரையோடு தரையாக வைத்த எந்திரம் என்ன ஆகும்? கம்பம் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிலையான வேலையும், கையுறையும், நிலக்கம்பித் தடியும் வேண்டும். கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!

1831இல் லண்டனில், ஒரு கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையில் எடுபிடியாக இருந்து கட்ட வந்த நூல்களையே படித்து அறிஞனானவன், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்துப் பார்த்தான். மின்சாரம் பிறந்தது. மைக்கேல் பாரடே அவன் பெயர். உலகின் எல்லா மின்னாக்கிகளுக்கும் மூலம் அந்தச் சுருளே. ஏழையின் மகன் கண்டெடுத்த ஒளி அது. ஏழையின் குப்பத்துக்கு அது கடைசியாக வருவதா? வரும்போதும் நச்சோடு வருவதா?

தோழரே! ஐப்பசி மழை தொடங்குமுன் உங்கள் கிளைக் கூட்டத்தைக் கூட்டுங்கள். கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசுவது அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். இந்தக் கூட்டத்தில் மின்னாக்கியைக் கொண்டுவந்து நடுவில் வையுங்கள். எங்கே வைப்பது, எப்படி இணைப்பது, யார் காப்பது என்று முடிவு செய்யுங்கள். படகு எந்திரம் பார்க்கும் பெரியவரைத் தலைமை ஏற்கச் சொல்லுங்கள். தார்ப்பாயைக் கிழித்து நாற்பது உயிரைக் காத்தாரே, அவரை! அன்றிரவு நான் நாற்பது நிமிடம் பேசினேன். அவர் இரண்டு வாக்கியம் பேசினார். அந்த இரண்டு வாக்கியந்தான் அன்று அங்கே நிகழ்ந்த நல்ல சொற்பொழிவு!